உலக வரலாற்றுத் தாள்: 'அதனால்' போட்டுப் படிப்பது எப்படி?

கல்லூரியில் உலக வரலாறு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கைடில் இருந்த வருடங்களை மனப்பாடம் செய்தது. முதல் உலகப் போரின் காரணங்களைக் கேட்டார்கள். சரயேவோ கொலையை (ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் அந்த ஊரில் சுடப்பட்டதை) எழுதினேன். அடுத்த வரி வரவே இல்லை. அப்புறம் மாற்றிக்கொண்ட முறை இது.

1. ஏ4 தாளில் தேதிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். 1914 ஜூன் 28, சரயேவோ. ஜூலை 23, செர்பியாவுக்கு ஆஸ்திரியா-ஹங்கேரியின் இறுதி எச்சரிக்கை. ஜூலை 28, போர் அறிவிப்பு. ஜூலை 30, ரஷ்யா படை திரட்டல். ஆகஸ்ட் 1, ரஷ்யா மீது ஜெர்மனி போர். ஆகஸ்ட் 3, பிரான்ஸ் மீது. ஆகஸ்ட் 4, பிரிட்டனும் இறங்கியது.

2. ஒவ்வொரு இடைவெளியிலும் 'அதனால்' என்று எழுதிக் காரணத்தை நிரப்புங்கள். கடைசி இடைவெளியில்தான் நான் மாட்டினேன். பிரான்ஸைத் தாக்க ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839 லண்டன் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டிருந்தது. வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

3. எனவே ஐரோப்பா அவுட்லைன் மேப் ஒன்று வாங்குங்கள். கடையில் கிடைப்பது இன்றைய எல்லைகள். 1914இல் போலந்து என்று தனி நாடே கிடையாது. பழைய எல்லைகளைப் பென்சிலில் நீங்களே போட வேண்டும். ஹைலைட்டர் வேண்டாம், பக்கம் முழுக்க மஞ்சளாக்கிவிட்டு, படித்துவிட்டதாக நம்பியவன் நான்.

4. ரஷ்யப் புரட்சிக்கு வந்தால் நிதானம். 'அக்டோபர் புரட்சி' ஒரு புத்தகத்தில் அக்டோபர் 25, இன்னொன்றில் நவம்பர் 7. அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்தே விட்டேன்! இரண்டும் சரி. ரஷ்யாவில் அப்போது ஜூலியன் நாட்காட்டி. நம்முடைய கிரிகோரியனைவிட 13 நாள் பின்னால். பிப்ரவரிப் புரட்சியும் அப்படித்தான்: பிப்ரவரி 23 என்பது மார்ச் 8. 1918இல் நாட்காட்டியை மாற்றியபோது ஜனவரி 31க்கு மறுநாளே பிப்ரவரி 14. குறிப்பெடுக்கும்போது தேதி பக்கத்தில் 'ப' (பழையது), 'பு' (புதியது) என்று போட்டுவிடுங்கள். விடையில் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

பின்சேர்க்கை: 13 நாள் கூட்டியும் டிசம்பரிஸ்ட் கிளர்ச்சித் (1825இல் ரஷ்ய ராணுவ அதிகாரிகள் ஜார் மன்னருக்கு எதிராகச் செய்தது) தேதி ஒத்துவரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். தவறு என்னுடையது, சொல்லாமல் விட்டேன். 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள். 1825 டிசம்பர் 14 என்பது புதிய கணக்கில் டிசம்பர் 26.