ஞாயிறு பள்ளியில் ஒரு கீர்த்தனை: நான்கு வாரத்தில் கற்றுக்கொடுக்கும் முறை

ஞாயிறு பள்ளியில் பாட்டுக்கு என்ன வேலை? பிள்ளைகள் எல்லாரும் வந்து சேரும்வரை நேரத்தை ஓட்டும் வேலை. பல சபைகளில் அப்படித்தான் நடக்கிறது. பத்து நிமிஷம் கைதட்டிப் பாடுவார்கள். பிறகு டீச்சர் புத்தகத்தைத் திறந்து, "சரி, இப்போ பாடத்துக்கு வருவோம்" என்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தஞ்சாவூரில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் இன்றும் வகுப்பு எடுக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. பாட்டே பாடம் என்பது என் கட்சி. கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவதுபோல வேதபாடத்துக்குப் பாட்டைத் தடவினால் பிள்ளைகள் தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடுவார்கள். ஒரு நல்ல கீர்த்தனையை ஒழுங்காக, அவசரமில்லாமல், அழகாகப் பாடக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அதற்குள் இருக்கிற விசுவாசமும் சேர்ந்தே போய்விடுகிறது. இந்த வருஷம் புதிதாக வகுப்பு எடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகள் கேட்டதற்காக, நான் செய்யும் முறையை எழுதிவைக்கிறேன். ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

முதலில் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தொடங்குவது பெரும்பாலும் வேதநாயக சாஸ்திரியாரின் "இயேசுவையே துதிசெய்" கீர்த்தனையில். சபைக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு என்பதால் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ கூடப் பாடுவார்கள். சரணங்கள் இரண்டிரண்டு அடிகள்தான். அதைவிட முக்கியமான காரணம் அதன் எதுகை. "மாசணுகாத பராபர வஸ்து" என்று பாடி நிறுத்தினால் அடுத்த அடி "நேசகுமாரன்" என்று தானே வந்து விழுகிறது, அடிக் கடைசியில் வஸ்துவுக்குக் கிறிஸ்து என்று இயைபு வேறு. அடுத்த சரணத்தில் அந்தரத்துக்குச் சுந்தரம். அதற்கடுத்ததில் எண்ணினதற்கு மண்ணிலும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதுகை என்ற பேரே தெரிய வேண்டாம், நாக்குக்குத் தெரிந்துவிடும். தாளமில்லாமல் முன்னே பாடும் தொகையறாவோடு எட்டு சரணம் நீளும் பாட்டுகளை முதல் மாதத்தில் எடுக்காதீர்கள். பண்டிகைக்குப் பண்டிகை ஒலிபெருக்கியில் கேட்டுப் புளித்த பாட்டுகளும் வேண்டாம்.

அடுத்தது சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஒலியின் உயரம். இதில்தான் பாதி வகுப்புகள் கெட்டுப்போகின்றன. வகுப்பெடுக்கும் தம்பிமார் தங்களுக்கு வசதியான ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் தொடங்குவார்கள். அந்தச் சுருதியில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடியில் சத்தமே இருக்காது, உறுமத்தான் முடியும். எட்டிப் பிடிக்கப் பார்த்தால் கத்துவார்கள். நாலரை, ஐந்து கட்டையில் வைத்துப் பாருங்கள், அதே பிள்ளைகளின் குரல் தெளிந்து வரும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்று போதும். ஆண் ஆசிரியர் அந்த உயரத்தில் பாட முடியாவிட்டால், குரல் நன்றாக இருக்கும் ஒரு அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கீபோர்டை முதல் மூன்று வாரம் மூடியே வையுங்கள். வாசிக்கிற பையன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. பட்டனைத் தட்டினால் தானாக ஓடும் அந்தத் தாளம் பெரும்பாலும் நாலு நாலாகவே எண்ணும். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். அங்கே மிஸ்ர சாபு என்று போட்டிருந்தால் அது ஏழு எண்ணிக்கை. ஏழை நாலுக்குள் திணித்தால் ஏதாவது ஒரு எழுத்து நசுங்கித்தான் ஆக வேண்டும். அப்படி நசுங்கிய பாட்டுகளைத்தான் நம் பிள்ளைகள் "பழைய போரிங் பாட்டு" என்கிறார்கள்.

முதல் வாரத்தில் புத்தகம் வேண்டாம், பலகையில் எழுதவும் வேண்டாம். எல்லாரையும் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். சுருதியை ஒலிக்கவிட்டு, ஒரு நிமிஷம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அதே சுருதியில் "ம்" என்று சேரட்டும். முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், திட்டாதீர்கள். பிறகு பாட்டு முழுவதையும் நீங்கள் ஒருமுறை பாடுங்கள், ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல். அதன்பின் பல்லவியை மட்டும் நீங்கள் பாட, அவர்கள் திருப்பிப் பாடட்டும். சரியாக வந்ததும் தாளத்தைச் சேருங்கள். ஆதி தாளம் என்றால் வலது தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டி, கையைத் திருப்பி வீச்சு, தட்டி வீச்சு. எட்டாயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கு விரல் குழம்பும், அவர்கள் வெறுமனே தட்டினால் போதும். முதல் வாரத்துக்குப் பல்லவியே தாராளம்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "பராபர வஸ்துன்னா என்ன டீச்சர்?" நீங்கள் முழுப்பாட்டையும் பாடிக் காட்டியபோது காதில் விழுந்திருக்கும். "அடுத்த வாரம்" என்று சொல்லி அனுப்புங்கள். அர்த்தத்தைத் தேடிக்கொண்டு வருகிற பிள்ளைக்குச் சொல்வதும், வாயைத் திறந்து திணிப்பதும் ஒன்றல்ல.

இரண்டாம் வாரம் சரணங்கள். அடி அடியாக, முதல் வாரம் போலவே. பாடி முடித்த பிறகு அர்த்தம் சொல்லலாம், அதையும் கேள்வியாகக் கேளுங்கள். "மாசு எங்கெல்லாம் படியும்?" என்றால் வெள்ளைச் சட்டை, கண்ணாடி, பஸ் ஜன்னல் என்று அடுக்குவார்கள். "எதில் படியவே படியாது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கடவுளின் பரிசுத்தத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவதைவிட அந்த மௌனம் அதிகம் வேலை செய்யும் என்பது என் அனுபவம். பன்னிரண்டு வயதுக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் போகலாம். பராபரன் என்றால் எல்லாவற்றுக்கும் மேலான கடவுள், அது சைவரும் பாடுகிற சொல்தான், நம் முன்னோர் அதே தமிழில்தான் ஜெபித்தார்கள் என்று சொல்லிவைக்கலாம்.

பாட்டை எழுதியவர் யார் என்பதையும் இந்த வாரம் சொல்லிவிடுவேன். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு அது ஊர்க்கதை. சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே மிஷனரி ஷ்வார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பின்னாளில் தஞ்சாவூர் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே ஷ்வார்ட்ஸின் மாணவர். சாஸ்திரியார் இங்கே பள்ளிக்கூட வாத்தியாராகவும் சரபோஜியின் அவைப்புலவராகவும் இருந்து, 1864-இல் காலமானார். வாத்தியார் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி என்ற பாட்டு நாடகத்தில் பூகோளமும் வானசாஸ்திரமும் பாட்டுக்குள்ளேயே வரும். பாட்டு வேறு, பாடம் வேறு என்று அந்த மனுஷர் பிரித்ததில்லை.

பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகள் ஆராதனையில் தமிழிசை வேண்டாம், கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பூ வேண்டாம் என்று கெடுபிடி செய்தார்கள். அதைக் கொடுமை என்றே எதிர்த்து எழுதியவர் சாஸ்திரியார். கோயிலில் பூவுக்காகவும் பாட்டுக்காகவும் வாதாடிய மனுஷர் அவர். ஆனால் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்கப் பார்ப்பதையும் அதே கொடுமைகளின் பட்டியலில் சேர்த்தார். முதல் விஷயத்தில் நான் அவர் பக்கம், இரண்டாவதில் அவருக்கு எதிர்ப்பக்கம். அழகாகப் பாட்டுக் கட்டுகிறவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்துவிடுவதில்லை என்பதைப் பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாம் வாரம் படம். தயவுசெய்து நகலெடுத்த வண்ணம் தீட்டும் தாள்களைக் கொடுக்காதீர்கள். அதில் பிள்ளைக்கு மிஞ்சும் வேலை கோட்டைத் தாண்டாமல் நிறம் அடிப்பது ஒன்றுதான். வெற்றுத்தாள் கொடுங்கள். பென்சில் வேண்டாம், அழிப்பான் கண்டிப்பாக வேண்டாம். நேரே மெழுகு வண்ணம். பல்லவியையும் "அந்தரவான் தரையுந் தரு தந்தன்" என்று தொடங்கும் சரணத்தையும் பாடிவிட்டு, "வானத்தையும் தரையையும் தந்தவர்னு பாடினோமே, உனக்குத் தெரிஞ்ச வானம், உனக்குத் தெரிஞ்ச தரை, அதைப் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். வாளமர்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை வயலும் கொக்கும் அறுவடை மெஷினும் போடும். ஊருக்குள் இருக்கும் பிள்ளை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் கோபுரமும் போடும். இரண்டும் சரிதான். "இது என்ன, கோணலா இருக்கு?" என்ற கேள்வி உங்கள் வாயில் வரக்கூடாது. "இதைப் பத்திச் சொல்லு" என்றால் போதும்.

இடம் இருந்தால் தரையில் சாக்பீஸோ கோலமாவோ கொண்டு போடச் சொல்லலாம். கோலம் நம்முடையதல்ல என்று சில சபைகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே சண்டை பிடிக்காமல் தாளிலேயே செய்யுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு வாழையும் கரும்பும் கட்டும்போது முகம் சுளிக்காதவர்கள் இதற்கு மட்டும் ஏன் சுளிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தஞ்சாவூரில் இருப்பவர்கள் மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைச் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள ஷ்வார்ட்ஸ் ஆலயத்துக்கு அழைத்துப் போகலாம். திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே சரபோஜி மன்னர் இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த வெள்ளைப் பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஷ்வார்ட்ஸ் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மன்னர் அவர் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். படுக்கையருகே பள்ளிப் பிள்ளைகள். இதை எதையும் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். எல்லாரையும் எதிரே உட்காரவைத்து, பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "இதில் ராஜா யார்? எப்படிக் கண்டுபிடிச்சே?" தலைப்பாகை, நகை என்று தொடங்குவார்கள். "யார் கை யார் கையைப் பிடிச்சிருக்கு?" என்பது அடுத்த கேள்வி. "அந்தப் பிள்ளைங்க என்ன நினைச்சிட்டு நிப்பாங்க?" என்பது கடைசி. அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நான்காம் வாரம் உதவும். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலிலேயே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். பலிபீடத்து மரவேலை, ஜன்னல் கண்ணாடி, பழைய ஞானஸ்நானத் தொட்டி என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். வாராவாரம் பார்ப்பதாலேயே பார்க்காமல் விட்டதைப் பார்க்கப் பழக்குவதுதான் வேலை.

நான்காம் வாரம் ஆராதனையில் பாடுவது. ஆயரிடம் முன்கூட்டியே பேசி, காணிக்கை எடுக்கும் நேரத்தைக் கேட்காதீர்கள். அப்போது யாரும் கேட்க மாட்டார்கள், சில்லறைதான் தேடுவார்கள். பிரசங்கத்துக்கு முந்தைய பாட்டைக் கேளுங்கள். பிள்ளைகளை மேடையில் ஏற்ற வேண்டாம், சபையின் முன்வரிசைக்கு அருகே தரையில் நிற்கட்டும். தனித்தனி மைக் வேண்டாம், மைக் வைத்தால் அது யார் கைக்குப் போகிறது என்பதில் பாட்டு போய்விடும். பல்லவியை ஒருமுறை பிள்ளைகள் பாட, மறுமுறை சபை முழுவதும் சேரட்டும். யாராவது ஒரு ஆச்சி தன் காலத்துச் சங்கதியைப் போட்டு வேறு மாதிரி இழுப்பார். இழுக்கட்டும், பிள்ளைகளை அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் அந்த ஆச்சியையே அழைத்துப் பாடவைக்கலாம். பரிசும் சான்றிதழும் கொடுக்கும் பழக்கத்தை இந்தப் பாட்டோடு சேர்க்காதீர்கள். படங்களைக் கோயில் வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். சிற்பம் பார்த்த நாளில் குறித்த பதில்களில் இரண்டு மூன்றை, பிள்ளையின் பேரோடு, படங்களுக்கு நடுவே எழுதி ஒட்டுங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேம் குறவஞ்சியிலிருந்து ஒரு காட்சியை எடுக்கலாம். முழுதும் முடியாது, நீளம். தலைவி தேவமோகினிக்குக் குறத்தி குறி சொல்லும் இடம் மட்டும் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: குறத்தி வேஷம் என்றதும் முகத்தில் கரி பூசி, பேச்சைக் கோமாளித்தனமாக்கி, சபையைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்தக் காட்சியில் விஷயம் தெரிந்தவள் குறத்திதான். நன்றாகப் பாடக்கூடிய பெண்ணுக்கு அந்த வேஷத்தைக் கொடுங்கள், சாதாரண நூல்புடவை கட்டிவிடுங்கள். கூடை ஒன்றும் கோல் ஒன்றும் இருந்தால் காட்சிக்குப் போதும்.

முதல் கீர்த்தனை முடிந்தால் அடுத்ததை உடனே தொடங்காதீர்கள். ஒரு மாதம் விட்டு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய பாட்டு ஒன்றை எடுங்கள். அதன் வேகம் மெதுவாக இருக்கும், மூச்சுப் பழக்கம் வேண்டும். ஓரடியை ஒரே மூச்சில் பாட முடியாத பிள்ளைகளை இரண்டு வரிசையாகப் பிரித்து, முதல் வரிசை மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டாம் வரிசை பிடித்துக்கொள்ளும்படி பழக்குங்கள்.