மெழுகுவர்த்தியின் வயிற்றில் ஒரு பொந்து

அச்சில் ஊற்றி நான் செய்த முதல் பெரிய மெழுகுவர்த்தி பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், பக்கமெல்லாம் வழவழவென்று. ஊற்றிய பக்கத்தில் மட்டும் திரியைச் சுற்றிச் சின்னதாக ஒரு குழி. இந்த வகை அச்சில் ஊற்றும் பக்கம்தான் பிறகு அடிப்பக்கம் ஆகும் என்பதால், கொஞ்சம் மெழுகு விட்டு மட்டமாக்கினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாதிக்கு மேல் எரிந்து இறங்கிய ஒரு நாள், சுடரைச் சுற்றித் தேங்கியிருந்த மெழுகு முழுக்க ஒரே நொடியில் உள்ளே வடிந்து போனது. திரி மட்டும் நெட்டையாக நின்று கரும்புகை கக்கியது.

அதே நாளில் ஊற்றிய இன்னொன்றைக் கத்தியால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். திரியை ஒட்டி, விரல் நுழையும் அகலத்துக்குப் பாதி உயரம் வரை ஒரு பொந்து. நான் நிரப்பியது அதன் வாயை மட்டும்தான்.

மெழுகு மட்டமான சரக்கு என்றுதான் முதலில் திட்டினேன். அதன் மேல் தப்பில்லை. உருகிய பாரஃபின் (மெழுகுவர்த்திக்கு வழக்கமாக வாங்கும் பெட்ரோலிய மெழுகு) கெட்டியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் குறையும். தண்ணீர் இதற்கு நேர் எதிர்: ஐஸ் கட்டி தண்ணீரில் மிதக்கும், மெழுகுத் துண்டோ உருகிய மெழுகில் அடிக்குப் போய்விடும். அடுத்த முறை உருக்கும்போது பாருங்கள். 575 மி.லி. கொள்ளும் என் அச்சில் 50 மி.லி.க்கு மேல் இடம் காலியாகியே தீரும். அச்சின் சுவரை ஒட்டிய மெழுகு முதலில் இறுகும், மேலே ஏடு படியும், நடுப்பகுதி கடைசியாகக் கெட்டியாகும். அதற்குள் எல்லாப் பக்கமும் மூடிவிடுவதால் அந்தக் காலி இடம் வயிற்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சுருங்குவதை நிறுத்த முடியாது. காலியாகும் இடத்துக்கு வழி திறந்துவைத்து, அதில் மெழுகை இறக்கலாம்.

முதலில் அளவு. அச்சில் தண்ணீர் நிரப்பி எத்தனை மி.லி. என்று பாருங்கள், 0.9-ஆல் பெருக்கினால் தேவையான மெழுகு கிராமில் வரும். என் அச்சுக்கு 520 கிராம். சிந்துவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடவே உருக்குங்கள். அச்சைச் சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஊற்றும்போது 520 கிராமும் அச்சுக்குள் போகாது, கணிசமாக மிஞ்சும். கணக்குத் தப்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், உருகிய மெழுகு அதிக இடம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த மிச்சத்தைப் பத்திரமாக வையுங்கள். வண்ணம் கலந்திருந்தால் இது இன்னும் முக்கியம், புதிதாகக் கலந்து அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது பெரும்பாடு.

உருக்குவது எப்போதும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில்தான், நேரடித் தீயில் கூடாது. அடுப்பை விட்டு நகராதீர்கள். மெழுகில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. பாரஃபினை உலோக அச்சில் நான் 80 - 85 டிகிரி செல்சியஸில் ஊற்றுகிறேன். தெர்மாமீட்டர் இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இனிதான் பொறுமை வேண்டும். ஊற்றி முக்கால் மணி நேரம் கழித்து மேல் ஏட்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். (சின்ன அச்சுக்கு இன்னும் சீக்கிரம்.) ரப்பர் மாதிரி அமுங்கி எழுந்தால் அதுதான் நேரம். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, திரியிலிருந்து அரை செ.மீ. தள்ளி மூன்று நான்கு இடங்களில் நேராக இறக்குங்கள். அச்சின் அடிக்கு 2 செ.மீ. மேலேயே நிறுத்திவிடுங்கள், சுவர்ப் பக்கமும் போக வேண்டாம். சில சமயம் கம்பியை உருவியதும் துளைக்குள் தெரியும் திரவ மெழுகு மெல்லக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். வெளிக்காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். சீக்கிரமே குத்தினால் துளை உடனே மூடிக்கொள்ளும், தாமதித்தால் மேற்பக்கம் விரிசல் விடும். ஒரு தடவை குத்திவிட்டுப் போய்விட்டால் பயனில்லை, அரை மணிக்கு ஒருமுறை அதே துளைகளை மறுபடி திறந்துவிடுங்கள். நான் ஒரு மெழுகுவர்த்திக்கு மூன்று, நான்கு முறை செய்கிறேன்.

அச்சு வெதுவெதுப்பாகி, உள்ளே பெரும்பாலும் இறுகியதும் இரண்டாவது ஊற்று. மிச்ச மெழுகை முதல் தடவையைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடாக்குங்கள், அப்போதுதான் பழைய மெழுகோடு ஒட்டும். துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, குமிழி வந்து அடங்கியபின் இன்னும் கொஞ்சம். முதலில் ஊற்றிய மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்துங்கள். நிறைவாக இருக்கட்டுமே என்று ஒருமுறை விளிம்பு வரை ஊற்றினேன். சுருங்கிய மெழுகுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சூடான மெழுகு இறங்கி, மெழுகுவர்த்தியை அச்சோடு ஒட்டிவிட்டது. கடைசியில் அச்சையே வெந்நீரில் வைத்து எல்லாவற்றையும் உருக்கித்தான் எடுக்க முடிந்தது. பருமனான மெழுகுவர்த்தி என்றால் மறுபடியும் குழி விழும், மூன்றாம் முறையும் ஊற்றுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கினால் ஃபேன் காற்றோ ஜன்னல் காற்றோ படுகிறதா என்று பாருங்கள், அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினால் சூடு சீராக இறங்கும். சிலிகான் அச்சில் பக்கச் சுவரே உள்ளே இழுபட்டால் துளைகளை இன்னும் முன்னதாகப் போட வேண்டும். பக்கவாட்டில் வளையம் வளையமாகக் கோடு விழுந்தால் அது சுருக்கத்தால் வருவதல்ல, மெழுகோ அச்சோ குளிர்ந்திருந்தது. அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் விரிசல் விடும், தேன்மெழுகு இதில் இன்னும் மோசம். சோயா மெழுகு பாரஃபின் அளவுக்குச் சுருங்காது. ஸ்டியரிக் அமிலம் 10 சதவீதம் வரை கலந்தால் மெழுகு நன்றாகச் சுருங்கி அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரும், ஆனால் ரப்பர் அச்சை அது அரித்துவிடும்.

பொந்து இருக்கிறதா என்று பார்க்க அறுக்கத் தேவையில்லை. அச்சிலிருந்து எடுத்ததும் தராசில் வையுங்கள். என் அச்சுக்கு 520 கிராமை ஒட்டி வர வேண்டும். 470 காட்டினால் உள்ளே கோழிமுட்டை அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அதை நான் ஒட்டுப்போடுவதில்லை, உடைத்துத் திரும்ப உருக்கும் பாத்திரத்திலேயே போட்டுவிடுகிறேன்.