பிற மொழித் தாலாட்டுப் படப்புத்தகங்களைக் குழந்தைக்குக் காட்டும் முறை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிற மொழித் தாலாட்டு வெகுதொலைவில் இல்லை; பக்கத்து வீட்டிலேயே மலையாளத் தாராட்டு கேட்கலாம். எனவே ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு இத்தகைய புத்தகங்களைக் காட்ட விரும்புவோர் அங்கிருந்தே தொடங்கலாம். பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான சுவாதித் திருநாள் 1813இல் பிறந்தபோது, கவிஞர் இரயிம்மன் தம்பி இயற்றிய ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்ற மலையாளத் தாலாட்டு இதற்கு மிகவும் ஏற்றது. இளந்திங்களோ, தாமரைப் பூவோ, பூவில் நிறைந்த தேனோ, முழுமதியின் நிலவோ என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்கள் வருவதால், பக்கத்துக்கு ஒரு படமாகக் குழந்தை விரல் வைத்துப் பார்க்க முடியும். புத்தகம் கிடைக்காவிட்டால், கெட்டி அட்டையில் அந்த நான்கையும் நாமே வரைந்துகொள்ளலாம். ஓவியம் சுமாராக இருந்தாலும் குழந்தை குறை சொல்லப்போவதில்லை.

படத்தைப் பற்றித் தமிழில் பேசுங்கள், பாட்டை அதன் மொழியிலேயே பாடுங்கள். பாட்டையும் தமிழாக்கிப் பாட முயன்றால் சொற்கள் மெட்டுக்குள் அடங்காமல் முட்டும். மொழி புரியாதே என்ற கவலையும் வேண்டியதில்லை. 2020இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், முன்பின் கேட்டிராத மொழிகளின் தாலாட்டுகளைக் கேட்ட கைக்குழந்தைகள், அதே போன்ற வேற்றுமொழிப் பிற பாடல்களைக் கேட்டபோது இருந்ததைவிட இதயத் துடிப்பு தணிந்து அமைதியடைந்தது தெரியவந்தது. உச்சரிப்புக்குப் பக்கத்து வீட்டுச் சேச்சியையோ அம்மூம்மையையோ (பாட்டியையோ) இரண்டு முறை பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் போதும். கைப்பேசியில் ஓடவிடுவது கடைசி வழி, ஏனெனில் திரை ஒளிர்ந்தவுடன் குழந்தையின் கண் புத்தகத்தை விட்டுப் போய்விடும்.

புத்தகத்தைப் பகலிலேயே காட்டிப் பழக்கிவிட்டு, இரவில் தூளி ஆட்டும்போது பாட்டை மட்டும் பாடுவதே என் பரிந்துரை. ஜப்பானின் எடோ (இன்றைய டோக்கியோ) தாலாட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண் மலை கடந்து தன் ஊருக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து வரும் பரிசு ஒரு சிறு கைமத்தளமும் ஒரு குழலும். கைப்பிடியைச் சுழற்றினால் கயிற்றில் தொங்கும் மணிகள் இருபுறமும் அடிக்கும் அந்த மத்தளம், நம் குடுகுடுப்பையைப் போன்றதே. படத்தைக் காட்டி, மணிக்கட்டைத் திருப்பி ‘டம் டம்’ என்று நாம் செய்து காட்டினால், அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது குழந்தையின் கை தானாகச் சுழலும். இது எந்த நாடு, எங்கே இருக்கிறது என்ற பாடமெல்லாம் இந்த வயதில் வேண்டாம்.

ஆங்கிலத் தாலாட்டு ஒன்றில் கிளை ஒடிந்து, தொட்டிலோடு குழந்தை கீழே விழுகிறது. பெரியவர்களுக்குத்தான் அது திடுக்கிடும். ‘யார் அடித்தார்’ என்று கேட்கும் நம் தாலாட்டுகளும் அவ்வளவு சாதுவானவை அல்ல. ஆயினும் படத்தைப் பார்த்துக் குழந்தை முகம் சுளித்தால், அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு சேர்த்துப் புரட்டிவிடலாம்.