புல்மோட்டைக் கருமணலைப் பிரித்து இனங்காணும் முறை

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே சென்றால் வரும் புல்மோட்டைக் கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய பாரமான கனியங்கள் மிகச் செறிவாகப் படிந்துள்ளன. அவற்றைப் பார்ப்பதற்கு வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்தபின் வரும் மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. பேரலைகள் வெண்மணலை இழுத்துச் சென்று, கருமணலைக் கரைமேட்டில் பட்டை பட்டையாக விட்டிருக்கும். அகழ்வு நடைபெறும் நிலத்துக்குள் அனுமதியின்றி இறங்கலாகாது. வெளியே ஒரு கைப்பிடி போதும்.

மணலை உட்புறம் வரிகள் உள்ள அரிக்கன் சட்டியில் இட்டு, அரிசி அரிப்பதுபோல நீருடன் சுழற்றுங்கள். வெண்மணலான குவார்ட்சின் அடர்த்தி 2.65, இல்மனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.7 என்பதால், வெண்மணல் நீரோடு வழிந்துபோகக் கருமணல் சட்டியின் வரிகளில் தங்கும். அதனை வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் மணிகள் ஒட்டிக்கொண்டு சோதனையைக் கெடுக்கும்.

அடுத்து, பொலித்தீனில் சுற்றிய சாதாரண காந்தத்தை மேலே பிடித்தால் இரும்புக் கனியமான மக்னடைட் பாய்ந்து ஒட்டும். அதனை அகற்றிவிட்டு வலிமைமிக்க நியோடிமியக் காந்தத்தைப் பிடித்தால் இல்மனைட் எழும். அதனோடு வரும் சிவந்த மணிகள் பெரும்பாலும் கார்னட்.

இந்த இல்மனைட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இதிலுள்ள தைத்தானியத்திலிருந்து பெறப்படும் தைத்தானியம் நாற்குளோரைட்டு, போர்க்கப்பல்களை மறைக்கும் புகைத்திரைக்குப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்கா தனக்கு வேண்டிய இல்மனைட்டில் பெரும்பகுதியைத் திருவிதாங்கூர்க் கரையிலிருந்தே பெற்றது. போர் மூண்டபின் அக்கடல்வழியை நம்ப முடியாமற்போகவே, நியூயோர்க் மாநிலத்தின் தகாவசில் மக்னடைட்டுடன் இறுகிக் கிடந்த பாறையை வெடிவைத்து உடைத்து எடுக்கத் தொடங்கினர். அந்த அச்சம் வீணல்ல: 1942 ஏப்ரலில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன, 9 ஆம் திகதி திருகோணமலையே தாக்கப்பட்டது. ஆகவே ஒரு படிவை மதிப்பிடும்போது அதன் தரத்தோடு, அது துறைமுகத்தை அடையும் வழியையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பேன்.

காந்தத்துக்கு இசையாமல் எஞ்சியதைப் பத்து மடங்கு உருப்பெருக்கும் வில்லையால் பாருங்கள். செங்கபில நிறத்தில் பளபளப்பது ரூட்டைல். நிறமற்று, இருமுனையும் கூம்பிய சிறு பட்டகம் சிர்கோன். காந்தத்தால் பிரிக்க முடியாத இவ்விரண்டையும் ஆலையில் மின்புலத்தால் பிரிப்பர், ஏனெனில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. தேன்நிற உருண்டை மணிகள் இருப்பின் அவை மொனசைட்டாக இருக்கலாம்; அதில் கதிர்வீச்சை வெளிவிடும் தோரியம் உள்ளதால் தூசியை மூச்சில் இழுக்காமல், மணலைக் கரையிலேயே கொட்டிவிட்டுக் கைகளைக் கழுவுங்கள்.