வேலைக்குத் திரும்பும் தாய்மார்: பாலைக் குறைக்கும் தவறுகள்

84 நாள் பிரசவ லீவு முடியப்போகும் கிழமையில் பல வீடுகளில் முதலில் வந்து சேருவது மாப்பால் பேணிதான். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. வேலைக்குப் போவதால் பால் வற்றுவதில்லை, மார்பில் தேங்கி நிற்பதால்தான் வற்றுகிறது. மார்பு நிறைந்தே கிடந்தால் சுரப்பு மெதுவாகும், அது உடம்பின் இயல்பு. களுவாஞ்சிகுடியில் காலை 7 மணிக்கு பஸ் ஏறி, மட்டக்களப்பில் வேலை முடித்து மாலை 5 மணிக்கு வீடு வருபவர் இடையில் ஒருதரமும் பால் எடுக்காவிட்டால், சில கிழமைகளில் குறைவு தெரியவரும். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரமாவது எடுங்கள்.

நேரம் தரமாட்டார்கள் என்று கேட்காமலே இருந்துவிடாதீர்கள். மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை 9 மணி நேர வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தளத்தில் பிள்ளை பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்.

பம்ப் இல்லையா? கை போதும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பெருவிரல் காம்புக்கு மேலே, சுட்டுவிரல் கீழே, காம்பிலிருந்து 2–3 செ.மீ. தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்துங்கள், பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமத்தி விடுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு நிமிடம் துளிகூட வராமல் இருக்கலாம், பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான். காம்பை இழுத்தாலோ விரலைத் தோலில் வழுக்கினாலோ புண்தான் மிஞ்சும். ஒரு பக்கம் 3–5 நிமிடம், பிறகு மற்றப் பக்கம், திரும்ப முதற் பக்கம் என்று மாறிமாறி 20–30 நிமிடம் எடுங்கள்.

பம்ப் வைத்திருப்போர் மார்பில் பொருத்தும் புனலின் அளவைக் கவனிப்பதில்லை. காம்பைச் சுற்றிய கறுத்த தோலும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு சுவரில் உரசி நொந்தால் சிறிது. நன்றாக வந்த பால் திடீரென்று குறைந்தால், உங்கள் மார்பைச் சந்தேகிக்குமுன் பம்பிலுள்ள சின்ன சிலிக்கன் வால்வைப் பாருங்கள். அதன் வாய் விரிந்திருந்தால் உறிஞ்சல் போய்விடும், புதிதாக மாற்ற வேண்டும்.

எடுத்த பாலை மேசை லாச்சியில் வைப்பது நம் ஊர் வெயிலுக்குச் சரிவராது. வெளியே 4 மணி நேரம் என்ற கணக்கு 25 பாகை வரையுள்ள அறைக்கானது. சித்திரையில் இங்கே 30ஐத் தாண்டும். எடுத்த கையோடு ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் வையுங்கள், 24 மணி நேரம் தாங்கும். பிரிட்ஜில் 4 நாள் இருக்கும், ஆனால் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். உறையவைத்துப் பிரிட்ஜில் உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. அடுப்பில் காய்ச்சாதீர்கள், சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் போத்தலை வைத்தால் போதும்.

மேலே கொழுப்புப் பிரிந்து, கீழே தண்ணீர்போல் நீலம் தட்டித் தெரிந்தால் "திரைஞ்சு போச்சு" என்று அம்மம்மா ஊற்றிவிடுவார். அது திரையவில்லை, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். இதை அவருக்கு முதலே காட்டிக் கொடுங்கள். நீங்கள் பாடுபட்டு எடுத்த பால் அது.

ஒன்று முதல் ஆறு மாதப் பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மி.லீ. குடிக்கும். அதாவது மணிக்கு 30 மி.லீ. அளவு, நீங்கள் இல்லாத பத்து மணி நேரத்துக்குச் சுமார் 300 மி.லீ. அழும்போதெல்லாம் சூப்பிப் போத்தலில் 150, 180 என்று ஊற்றிக் கொடுத்தால் எடுத்து வைத்தது மத்தியானமே முடிந்துவிடும். பிறகு "தாய்க்குப் பால் காணாது" என்ற பேச்சு வரும். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, சின்னக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

போத்தலில் விழுவதை வைத்துப் பாலை அளப்பதும் தவறு. கையும் பம்பும் பிள்ளையைப்போல் உறிஞ்சாது. நாளுக்கு ஆறு தரமாவது சிறுநீர் போகிறதா, கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள்.

பால்சுறா வறை, உள்ளி, முருங்கையிலை எல்லாம் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பிப் பால் எடுப்பதை விட்டுவிடக் கூடாது. தாய் தூங்கட்டும் என்று இரவில் மாப்பால் கொடுப்பதும் வேண்டாம். சுரப்பைத் தூண்டும் புரோலாக்ரின் என்ற ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று குளிசை. ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பத்திட்டக் குளிசை பாலைக் குறைக்கலாம், மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் மாத்திரையும் அப்படித்தான். எந்தக் குடும்பத்திட்ட முறையையும் தொடங்குமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பாலூட்டுவதைச் சொல்லிக் கேளுங்கள்.