ஊழியத்துக்குப் போற தம்பிங்களுக்கு: நான் பண்ணின தப்ப நீங்களும் பண்ணாதீங்க

போன சனிக்கிழமை எங்க சர்ச் வாலிபர் பிள்ளைகளோட வீடு சந்திப்புக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில ஒரு பெரியவர்கிட்ட எங்க தம்பி ஒருத்தன், காலேஜ் ரெண்டாவது வருஷம், "ஐயா, உங்க மதத்துல கடவுள் அன்பானவர்னு எங்கயுமே சொல்லலியே"ன்னான். எனக்கு அப்படியே நெஞ்சு அடைச்சிருச்சு. வார்த்தை மாறாம இதே வரிய 2003-ல நான் சொல்லிருக்கேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் இத எழுதுறேன்.

சத்தம் போடாதீங்க, சாப்பாட்டு நேரத்துல போகாதீங்க, வேணாம்னு சொன்னா கைப்பிரதிய திணிக்காதீங்க, இதெல்லாம் உங்க சபைப் போதகர் ஐயரே சொல்லிருப்பார். அத விட்டுருவோம்.

தெரியாதத தெரிஞ்ச மாதிரி பேசுறது, திருத்தினா ஏத்துக்காம இருக்கிறது

2003-ல நான் போனது ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் வீடு. நெத்தி நிறைய திருநீறு, வாசல்ல நித்தியமல்லி. அவங்க வீட்டம்மா எங்க கிறிஸ்மஸ் பாட்டு நிகழ்ச்சிக்கு ரெண்டு வருஷமா வந்துட்டிருந்தாங்க, பேரன் எங்க வி.பி.எஸ்.க்கு, அதாவது லீவுல நடக்கிற பைபிள் வகுப்புக்கு, வந்து மனப்பாட வசனத்துல பரிசு வாங்கினவன். அவ்ளோ நல்ல வீடு. நான் போய் உக்காந்து டீ வாங்கிட்டு அந்த வரிய சொன்னேன். சார் கோவப்படல. "தம்பி, திருமந்திரம் படிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டு, "அன்பும் சிவமும் இரண்டென்பர் அறிவிலார்"னு ஆரம்பிச்சு அந்தப் பாட்ட முழுசா சொன்னார். அன்பு வேற சிவம் வேறன்னு சொல்றவன் அறிவில்லாதவன், அன்புதான் சிவம், இதுதான் அர்த்தம். நான் சொன்னது தப்புன்னு ஒரே பாட்டுல முடிஞ்சு போச்சு.

அந்த எடத்துல நான் சொல்லிருக்க வேண்டியது ரெண்டே வார்த்தை, "தெரியாது சார்". ஆனா நான் என்ன பண்ணேன்னா, அது வெறும் பாட்டுதானே சார்னு ஆரம்பிச்சு, அவர் ஒண்ணு சொல்றதுக்குள்ள நான் நாலு வசனம் சொல்லி, பேச்ச எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயி, கடைசில சார் "சரிப்பா, டீ ஆறுது, குடிங்க"ன்னு எழுந்து உள்ள போயிட்டார்.

தெருமுனைக்கு வந்து நாங்க மூணு பேரும் நின்னு ஜெபம் பண்ணோம். "இவருடைய மனக்கண்ணை சத்துரு குருடாக்கி வச்சிருக்கான் ஆண்டவரே"ன்னு நான்தான் ஜெபிச்சேன். இத்தன வருஷம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்காதது இந்த எடத்துலதான். படிக்காம போனது நான், குருடுன்னு சொன்னது அவர. அதோட விட்டேனா, ஞாயித்துக்கெழம சாட்சி நேரத்துல மைக்க புடிச்சு, ஒரு தமிழ் வாத்தியார் பதில் சொல்ல முடியாம தலைய குனிஞ்சுட்டார்னு சொன்னேன், சபையே அல்லேலூயான்னுச்சு. அது பொய். சபைக்கு முன்னால சொன்ன பொய்.

அந்தம்மா அடுத்த கிறிஸ்மஸுக்கு வரல. பேரன் வி.பி.எஸ். வரல. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தாகூட அந்தக் கதவு தொறந்தே இருந்திருக்கும்.

ஆறு வருஷம் கழிச்சுதான் மன்னிப்பு கேக்கணும்னு புத்தி வந்துச்சு. அதுக்குள்ள அவங்க கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போயிட்டாங்க. அட்ரஸ் வாங்கி லெட்டர் போட்டேன், நான் அன்னைக்கு சொன்னது தப்பு, சபையில சொன்னதும் பொய், ரெண்டையும் சபையில திருத்திச் சொல்லிட்டேன்னு. நெசமாவே மொதல்ல சபையில சொல்லிட்டுத்தான் எழுதினேன். ஒரு போஸ்ட் கார்டு வந்துச்சு, அதுல ஒரு வரிதான்: "திருவாசகம் வாசித்தீர்களா?" வாசிச்சேன். மெதுவா, உரை வச்சுக்கிட்டு, ஒரு வருஷம் ஆச்சு. என் விசுவாசம் போயிடல, இயேசுதான் எனக்கு ரட்சகர். ஆனா அழுது அழுது தேடுற ஒரு மனுஷன அதுல பாத்தேன், அதுக்கப்புறம் "உங்ககிட்ட அன்பு இல்ல"ங்கிற வரி என் வாயில வரவே இல்ல. இப்ப போற வீட்டுல இயேசு எனக்கு என்ன செஞ்சார்னு மட்டும்தான் சொல்றேன். அவங்க சாமியப் பத்தி அவங்கதான் சொல்லணும், நான் கேட்டுக்குவேன்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 1706-ல தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர், இங்க உள்ளவங்களுக்கு கல்வியும் ஒழுக்கமும் இல்லைன்னு நெனச்சுட்டுத்தான் கப்பல் ஏறினார், தமிழ் படிச்சு ஓலைச்சுவடி எல்லாம் வாசிச்சப்புறம் நான் நெனச்சது தப்புன்னு அவரே எழுதினார். தென்னிந்திய தெய்வங்களப் பத்தி 1713-ல அவர் எழுதி அனுப்பினத அங்க ஜெர்மனியில அச்சுல போட மனசு வரல, 1867-லதான் சென்னையில வெளிவந்துச்சு. நம்ம சாயர்புரத்துல ஊழியம் செஞ்ச ஜி.யு. போப் ஐயரப் பாருங்க, 1839-ல இந்த நாட்டுக்கு வந்தவர், திருவாசகத்த இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வெளியிட்டது 1900-ல, 80 வயசுல. ரெண்டு பேருமே இயேசுவ விடல.

மனசு மாத்துனா விசுவாசம் போயிரும்னு பயப்படுறது

அப்போஸ்தலர் 10 எடுங்க. இயேசுவோட சீஷன் பேதுரு ஜெபத்துல இருக்கும்போது, தீட்டுன்னு அவர் ஒதுக்கினதையெல்லாம் சாப்பிடச் சொல்லி ஒரு தரிசனம், அப்பவே "அப்படியல்ல ஆண்டவரே"ன்னார், அந்த தரிசனம் மூணு தடவ வந்துச்சு. அப்புறம் யூதர் இல்லாத கொர்நேலியு வீட்டுல எல்லார் முன்னாடியும் நின்னு, தேவன் பட்சபாதம் உள்ளவர் இல்லைன்னு இப்பத்தான் புரிஞ்சுதுன்னு சொன்னார். பிரசங்கம் பண்ணப் போன எடத்துல பிரசங்கியாருக்கு மனசு மாறுது. அது அதோட முடியல, அந்தியோகியாவுல யாக்கோபுகிட்டருந்து ஆட்கள் வந்ததும் பயந்து யூதர் இல்லாதவங்கள விட்டு பழையபடி ஒதுங்கிட்டார், பவுல் முகத்துக்கு நேரா கேக்க வேண்டியதாச்சு, கலாத்தியர் 2-ல இருக்கு. அதனால ஒரு தடவ திருந்திட்டேன்னு நீங்க நிம்மதியா இருந்துராதீங்க, நானும் இருக்கல.

ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துல காரணம் சொல்றது

யோவான் 9:3, பிறவிக் குருடனப் பாத்து இது யார் செஞ்ச பாவம்னு கேட்டதுக்கு, இவனும் பாவம் செய்யல, பெத்தவங்களும் செய்யலன்னு இயேசு சொன்ன எடம். வாசிச்சுட்டுப் போங்க. சுடுதண்ணி வாங்கிக் குடுங்க.

நல்லா பேச வருதுன்னு யாரும் திருத்த வேண்டாம்னு நெனைக்கிறது

அப்போஸ்தலர் 18-ல வர்ற அப்பொல்லோ எவ்ளோ பெரிய பேச்சாளர், வேதத்துல வல்லவர். அவருக்குத் தெரிஞ்சது யோவான் ஸ்நானகன் குடுத்த ஞானஸ்நானம் வரைக்கும்தான். கூடாரம் தைக்கிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரத் தனியா சேத்துக்கிட்டு மிச்சத்த சொல்லிக் குடுத்தாங்க, அவரும் கேட்டுக்கிட்டார். உங்க சபையிலயும் தையல் மிஷின் ஓட்டுற ஒரு அக்கா இருப்பாங்க, கேளுங்க.

"தெரியல"ன்னு சொல்லிட்டு திரும்பப் போகாம இருக்கிறது

இதுவும் தப்புதான். கேட்டுட்டு வந்து சொல்றேன்னா, வரணும்.

அந்த சனிக்கிழமைத் தம்பிய நான் அந்தத் திண்ணையில வச்சு திருத்தல, பெரியவர் முன்னாடி அவனக் குறுக வைக்க மனசு வரல. வெளிய வந்தப்புறம் வாத்தியார் கதைய சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம நடந்தான். அப்புறம், "அண்ணே, இப்பவே திரும்பிப் போகலாமா?"ன்னான். போனோம். பெரியவர் விளக்கு வச்சிட்டிருந்தார், நாங்க அவர் முடிக்கிற வரைக்கும் வாசல்ல நின்னோம்.