இலவச எடிஷனில் கருவி செய்யப் போகிறீர்களா? முதலில் உரிமத்தைத் திறந்து பாருங்கள்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கினால் கோவில் அலுவலக மேசை முழுக்க ரசீதுப் புத்தகம்தான். "நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கோவில் கணினியிலேயே, கோவில் பெயரிலேயே டெல்ஃபி கம்யூனிட்டி எடிஷனை, அதாவது நிரல் எழுத உதவும் டெல்ஃபி மென்பொருளின் இலவசப் பதிப்பை, நிறுவினேன். பாதி எழுதிய பிறகுதான், கண்ணை மூடிக்கொண்டு ‘ஏற்கிறேன்’ அழுத்திய உரிமத்தைப் படித்தேன். நீங்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: நிறுவுவது யார் என்று பாருங்கள். டெல்ஃபியின் இலவச எடிஷனுக்கு வருமான எல்லை ஆண்டுக்கு 5,000 அமெரிக்க டாலர். நம் பணத்தில் தோராயமாக இரண்டேகால் லட்சம் மொரீஷியஸ் ரூபாய். தனியாள் என்றால் டெல்ஃபி நிரல்களால் அவருக்கு வரும் வருமானம்தான் கணக்கு. அமைப்பு என்றால் அதன் மொத்த வருமானமும் கணக்கு. நான் ஒரு காசு வாங்கவில்லைதான், ஆனால் உண்டியல் பணமும் உள்ளே வந்துவிடுகிறதே! மைக்ரோசாஃப்டின் இலவச நிரலாக்க மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி இதில் தாராளம்: தனியாள் செய்து விற்கவும் செய்யலாம். சிறு நிறுவனத்தில் 5 பேர் வரை பயன்படுத்தலாம். 250 கணினிக்கு மேல் அல்லது 10 லட்சம் டாலர் வருமானத்துக்கு மேல் உள்ள நிறுவனமென்றால் கற்றல், கல்வி ஆய்வு, திறமூலம் (மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைப்பது) போன்றவற்றுக்கு மட்டுமே.

இரண்டாம் படி: நீங்கள் செய்வது என்ன? ரசீது, கணக்கு, பதிவேடு என்றால் கவலையில்லை. நிரலாளருக்கான கருவி என்றால்தான் சிக்கல். பொருளாளர் தன் சூத்திரத்தைத் தானே எழுதட்டும், நிரல் அதை அங்கேயே கம்பைல் செய்யட்டும் (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றட்டும்) என்று நான் ஆசைப்பட்டேன். அதற்கு அந்த மாற்றத்தைச் செய்யும் டெல்ஃபி கம்பைலரையே சேர்த்து அனுப்ப வேண்டும். அது கூடாது. அதற்குப் பதில், நிரலுக்குள்ளிருந்தே சிறு நிரல்களை ஓட்டும் பாஸ்கல் ஸ்கிரிப்ட் போன்ற ஒரு திறமூல எஞ்சினைச் சேர்த்தால் வேலை முடிந்தது. இதே கதை மைக்ரோசாஃப்டின் நிரல் எடிட்டரான விஎஸ் கோடிலும் உண்டு. அதன் மூலநிரல் எம்ஐடி என்ற தாராளமான திறமூல உரிமத்தில் இருப்பதால் அதிலிருந்து சொந்த எடிட்டர் செய்யலாம். ஆனால் மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் டீபகரை (அந்த மொழி நிரல்களில் பிழை தேடும் கருவியை) உங்கள் எடிட்டரில் ஓட்ட உரிமம் இல்லை.

மூன்றாம் படி: கூடவே அனுப்பும் கோப்புகள். விஷுவல் ஸ்டுடியோவில் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதினால், நிரல் ஓடத் தேவையான கோப்புகள் உள்ள ‘ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ தொகுப்பைத் தாராளமாக அனுப்பலாம். டீபக் பில்டுக்கான (பிழை தேடுவதற்காக உருவாக்கும் வடிவத்துக்கான) டிஎல்எல் என்ற துணைக் கோப்புகளை அனுப்பக் கூடாது. சொந்தக் கணினியில் ஓடுகிறதே என்று டீபக் பில்டை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது தொடக்கத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. வெளியே கொடுப்பதற்கான ரிலீஸ் பில்டுக்கு மாற்றிய பிறகே கொடுங்கள்.

எதுவும் ஒத்துவரவில்லையா? டெல்ஃபிக்காரர்களுக்கு அதைப் போன்ற திறமூல மென்பொருளான லாசரஸ் இருக்கிறது. அதன் நூலகங்கள் (நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) திருத்திய எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருவதால், உங்கள் நிரலின் மூலத்தை வெளியிட வேண்டிய கட்டாயமில்லை. நான் கடைசியில் அங்கேதான் மாறினேன். ரசீது அச்சிடும் பகுதியை மட்டும் முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இருப்பதுபோல் தொகை தமிழ் எண்ணிலும் வரவேண்டும் என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். இப்போது அந்த வேலைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.